சவுண்ட் பாக்ஸை மாற்றியது யார்

போன மாதம் என் மகன் தன் ரிக்கார்டு பிளேயருக்கு, ஊசி மாட்டுகிற கார்ட்ரிட்ஜ் புதிதாக வாங்கிப் போட்டான். கடைக்காரனே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தான். அவன் போன பிறகு நான் மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பழசக் கண்ணால பாத்தியா, இல்ல அவன் சட்டப்பையில போட்டுட்டுப் போயிட்டானா?"

மகன் என் நேர் எதிரில் வந்து நின்று சிரித்தான். தேய்ந்துபோன கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போய் அவன் என்ன மாளிகையா கட்டப்போகிறான் என்றான். தேய்ந்ததா தேயாததா என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. காய்கறிக்காரி தராசைத் தூக்கினால் நான் தட்டைப் பார்ப்பதில்லை, அவள் சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். ஆனால் பாட்டுப் பெட்டி விஷயத்தில் எனக்கு வந்த சந்தேகம் சும்மா வந்ததல்ல. அதற்கு ஆதாரம் இருந்தது. ஒன்றல்ல, பல ஆதாரங்கள் இருந்தன. அதனால்தான் அது அவ்வளவு தூரம் போயிற்று.

அப்பாவுக்கு ஓட்டப்பிடாரத்தில் கருப்பட்டி வியாபாரம். சரக்கைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார். என் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் கொழும்புக்குப் போனவர், திரும்பும்போது ஒரு கிராமபோன் பெட்டியோடு வந்தார். சீர் சாமான்களைப் பாய் விரித்துப் பரப்பி, பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சபைக்கு உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, குடம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கிராமபோன் முன்னால் நின்றுவிட்டார். அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் "பாடுத பெட்டி ஒண்ணு" என்றார். சபை ஒத்துக்கொண்டது.

மூடியைத் திறந்தால் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய சுழல் தட்டு. பக்கத்தில் துளை. அதில் கைப்பிடியைச் செருகி, கிணற்று ராட்டை சுற்றுவது போலச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். வளைந்த குழாயின் நுனியில் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக ஒன்று தொங்கும். அதுதான் சவுண்ட் பாக்ஸ். இப்போதைய கார்ட்ரிட்ஜின் வேலையை அந்தக் காலத்தில் செய்தது அது. அதில் ஊசியைச் செருகிப் பிளேட்டின், அதாவது இசைத்தட்டின், மேல் வைத்தால், ஊசியின் நடுக்கம் உள்ளே இருக்கும் மெல்லிய மைக்காத் தகட்டுக்கு ஏறிச் சத்தமாக வரும். கரண்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த வட்டம் போய்விட்டால் பெட்டி வெறும் மரம்.

பிளேட்டுகளில் ஒன்று தாலாட்டு. யாரோ ஒரு பெண் பாடியது. அதன் கடைசி அடிக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு வாங்குவாள். பாட்டைவிட எனக்கு அந்த மூச்சுத்தான் பிடிக்கும். எங்கோ இருக்கிற ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருக்கும். புகுந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை இல்லாத முதல் மாதங்களில் அந்த மூச்சுக்காகவே பிளேட்டைத் திரும்பத் திரும்ப வைப்பேன்.

என் வீட்டுக்காரருக்குக் கடற்கரைச் சாலையில் கயிற்றுக் கடை. தோணிக்காரர்களுக்குக் கயிறும் தாரும் பாய்த்துணியும் விற்பார். பேச்சுக் குறைவு. எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டார். எதிர்த்துப் பேசாத ஆம்பிளை எதையோ மறைக்கிறான் என்பது அப்போது என் எண்ணம். வீட்டில் எங்களைத் தவிர அவருடைய தங்கை இருந்தாள். மாமனார் மாமியார் இல்லை. நாத்தனாருக்கு அப்போது பாவாடை தாவணி வயது. கையும் காலும் சும்மா இருக்காது. எதையும் தொட்டுப் பார்ப்பாள்.

அதனால்தான் தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது, சாவி கொடுக்கிற கைப்பிடியைச் சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடி இல்லாமல் பெட்டி பாடாது. வில்வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் துணிப் பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். வழியனுப்ப வந்த நாத்தனார், "மதினி, என்ன தேடுதிய?" என்றாள். விபூதிப் பை என்றேன்.

ஆண் குழந்தை பிறந்தது. பிரசவம் கஷ்டப்பட்டது. பையன் கவிழ்ந்து தலை தூக்குகிற மட்டும் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் தூத்துக்குடி திரும்பினேன். வந்த அன்றே, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கைப்பிடியைச் செருகிச் சாவி கொடுத்துத் தாலாட்டை வைத்தேன்.

சத்தம் குறைந்திருந்தது. குரல் இருந்தது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடைசி அடி வந்தது. மூச்சு வரவில்லை.

நான் பிளேட்டைத் துடைத்தேன். ஊசியை மாற்றினேன். மறுபடி வைத்தேன். மூச்சு வரவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைப் பாட வைக்கத்தான் கைப்பிடி வேண்டும். சவுண்ட் பாக்ஸைக் கழற்ற எதுவும் வேண்டாம், ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். புத்திசாலித்தனமாகக் கைப்பிடியைக் கொண்டுபோன நான் இதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அன்று இரவுச் சோறு போடும்போதே விசாரணையைத் தொடங்கினேன்.

"சவுண்ட் பாக்ஸ யாரு தொட்டா?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சோற்றைப் பார்த்தார். பிறகு விஷயம் வந்தது. கீழவைப்பாரில் அவருடைய வாடிக்கைக்காரர், தோணியை நடத்துகிற தண்டல் ஒருவர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அவர்களிடமும் இதே மாதிரிப் பெட்டி இருந்தது. சவுண்ட் பாக்ஸ் கீழே விழுந்து மைக்கா உடைந்துபோயிற்று. யுத்த காலத்தில் புதிது எங்கே கிடைக்கும்? என் வீட்டுக்காரர் எங்களுடையதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். கல்யாணம் முடிந்ததும் தண்டல் மஞ்சள் துணியில் சுற்றி, வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொடுத்தாராம்.

"வெத்தலபாக்கோட குடுத்தா அது நம்மளுதுன்னு ஆயிருமா?" என்றேன்.

"அவரு அப்படிப்பட்ட மனுசன் இல்ல."

"அவரு இல்ல சரி. கல்யாண வீட்டுல இருந்தவனெல்லாம் அப்படிப்பட்டவன் இல்லன்னு நீங்க கண்டியளா?"

என் அப்பா கொழும்பிலிருந்து சுமந்து வந்த சீர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊரார் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. இன்று நினைத்தாலும் அந்த எரிச்சல் நியாயமானதுதான்.

மறுநாள் என் வீட்டுக்காரரே சவுண்ட் பாக்ஸைக் கழற்றித் துணியில் சுற்றி, பெரிய கடைவீதியில் கடிகாரமும் கிராமபோனும் ரிப்பேர் பார்க்கிற சாயபுவிடம் கொண்டுபோனார். இரண்டொரு நாளில் திரும்பி வந்தது. "ரப்பர் இறுகியிருந்துச்சாம், மாத்திட்டாராம்" என்றார். வைத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"இப்ப நல்லாருக்குல்லா?" என்றார்.

"நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

"சத்தம் கம்மியாத்தான் இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உடனே ஒத்துக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தடவை அவர் அதை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், பின்பக்கத்தில் ஊசி முனையால் ஒரு சின்னக் கீறல் போட்டு வைத்தேன். தேடினால் மட்டுமே தெரியும். திரும்பி வந்ததும் முதலில் கீறலைத்தான் பார்த்தேன். இருந்தது. ஆக, சாயபு மாற்றவில்லை. மாற்றியிருந்தால் தண்டல் வீட்டிலேயே மாற்றியிருக்க வேண்டும். பிறகு இன்னொன்று தோன்றியது. கீறல் வெளியில்தானே இருக்கிறது? உள்ளே இருக்கிற மைக்காத் தகட்டை மாற்றினால் எனக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து சாயபுவும் மறுபடி பட்டியலில் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் கடைகளில் எஃகு ஊசியும் கிடைக்காமல் போனது. எங்கள் ஊரைச் சுற்றி உடை மரத்துக்கா பஞ்சம்? அதன் வெள்ளை முள் நீளமாக, கெட்டியாக இருக்கும். நாத்தனார் நல்ல முள்ளாகப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டிக் கொடுப்பாள். ஒரு பக்கம் பாடி முடித்ததும் மறுபடி வெட்ட வேண்டும். முள்ளால் பிளேட்டு தேயாது, ஆனால் சத்தம் எஃகு ஊசி அளவுக்கு எடுக்காது. வீட்டுக்காரருக்கு இது வசதியாகப் போயிற்று.

"முள்ளுல்லா. சத்தம் கம்மியாத்தான் வரும்."

நான் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் எங்கேயோ தேடி ஒரு சிறு தகர டப்பா நிறைய எஃகு ஊசி அனுப்பினார். ஆவலோடு மாட்டிப் போட்டேன். தாலாட்டு சுவருக்கு அந்தப் பக்கமே நின்றது. டப்பாவைப் பார்த்த வீட்டுக்காரரின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

இதற்குள் வீட்டில் வேறு சில விஷயங்களும் என் கண்ணில் படத் தொடங்கியிருந்தன. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருப்பார்கள். உதடு அசையும். நான் அடுக்களைக்குள் இருந்தால் ஒரு எழுத்து வெளியே வராது. என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், ரகசியம். நான் வந்து நின்றால் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பிறகு என்னிடம் வேறு எதையோ பேசுவார்கள். அதே மனுசன் கடையில் நன்றாகப் பேசுவார். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். மாட்டு வண்டிகளும் சுமைக்காரர்களின் கூச்சலுமாக அந்த இரைச்சலில் அவர் பேசியது ஒவ்வொன்றும் எனக்குத் துல்லியமாக விளங்கியது. நாலு பேர் முன்னால் கணீரென்று பேசத் தெரிந்தவருக்கு வீட்டுக்குள் வந்ததும் தொண்டை கட்டிக்கொள்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

நாத்தனாருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. என்னிடம் எதைச் சொல்வதானாலும் தோளைத் தொட்டுவிட்டுத்தான் சொல்வாள். குழையக் குழைய வந்து தொடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஊரே சரியில்லை என்றுதான் நினைத்தேன். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து எல்லாருக்கும் பயம். அடுத்தது தூத்துக்குடி என்றார்கள். இருக்கிற சாமானை மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மில்லின் சங்குச் சத்தத்தையும் காணோம். விமானம் வந்தால் ஊதுகிற சங்கோடு குழம்பாமல் இருக்க நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைக்கு வெள்ளித் தண்டை செய்யக் கொடுத்தோம். ஆசாரி உள்ளே பரல் போடாமல் ஏமாற்றிவிட்டான். பையன் காலை உதைத்தால் தண்டை ஊமையாக ஆடியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போவுது, விடு" என்றார். வெள்ளி விஷயத்தில் ஒரு வியாபாரி "போவுது, விடு" என்று சொல்வதை நீங்கள் எங்கேயாவது கேட்டதுண்டா?

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது பையன் விஷயம். அவன் எழுந்ததும் நான் தூக்கியதாகவே இல்லை. நான் கண் விழித்துப் பார்த்தால் தொட்டில் காலியாக இருக்கும். நாத்தனார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாத்திக்கொண்டிருப்பாள். அவள் படுக்கையைக் கூடத்திலிருந்து எடுத்து வந்து எங்கள் அறை வாசலில் போட்டுக்கொண்டாள். நான் அடுப்பில் இருக்கும்போது பையன் எழுந்தால், அது அவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும், ஓடுவாள். பையன் நடக்கத் தொடங்கியதும் விழுந்தால் அவளிடம் போனான், பசித்தால் அவளிடம் போனான். என் சேலையைப் பிடித்து நின்றவன்கூடச் சற்று நேரத்தில் முகம் சுளித்து அழுதுகொண்டே அவளைத் தேடிப் போவான்.

"ஏளா, எம்புள்ளய எனக்கு விடமாட்டியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். குற்றமுள்ளவள் பேசாமல் போவாள் என்று நான் முடிவு கட்டினேன்.

சவுண்ட் பாக்ஸை மாற்றிவிட்டார்கள், பிள்ளையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத் தெரிந்தது. சவுண்ட் பாக்ஸ் விஷயத்தில் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நிரூபித்துவிட்டால், மற்றதையும் ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்காகக் காத்திருந்தேன்.

நிரூபணம் ஒரு முள்ளின் ரூபத்தில் வந்தது. ஒருநாள் உச்சிப்பொழுது. சாப்பாட்டுக்கு அவர் வருகிற நேரம். தட்டில் தாலாட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அனுப்பிய ஊசி தீர்ந்து மறுபடி முள்தான். அது மழுங்கிவிட்டதால் குழாயைத் தூக்கி வைத்துவிட்டு, புது முள்ளை வெட்டினேன். வெட்டியதைக் கொண்டை ஊசியைக் கடிப்பது போலப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு, பழைய முள்ளைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தேன். பிளேட்டு ஆட்டம் போடுவது போலத் தெரிந்தது. வளைந்துவிட்டதோ என்று, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோகக் குனிந்தேன். வாயிலிருந்த முள் சுற்றுகிற பிளேட்டில் பட்டது.

தலைக்குள் ஒருத்தி பாடினாள்.

விதிர்த்து நிமிர்ந்தேன். பாட்டு நின்றது. சவுண்ட் பாக்ஸ் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது பாடவில்லை. வேறு எங்கேயாவது யாராவது பாட்டு வைத்திருக்கிறார்களா என்று சன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு முள்ளை அழுத்திக் கடித்துக்கொண்டு, மூக்கு பிளேட்டில் இடிக்காமல் மெல்லக் குனிந்தேன். மறுபடி பாடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அல்ல, என் பல்லில், தாடையில், மண்டைக்குள். கல்யாணமான புதிதில் கேட்ட அதே குரல். கழுத்து வலித்தது. நான் எடுக்கவில்லை. கடைசி அடி நெருங்கியது. அவள் மூச்சு வாங்கினாள்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் சந்தோஷம் வந்தது. பிளேட்டு நல்ல பிளேட்டு. தட்டு நன்றாகச் சுற்றுகிறது. முள் நல்ல முள். மிச்சம் இருப்பது சவுண்ட் பாக்ஸ் ஒன்றுதான். அகப்பட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெட்டி முன்னால் நிறுத்தினேன். நாத்தனார் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இந்த முள்ளக் கடிங்க. கடிச்சிட்டு பிளேட்டுல வச்சுக் குனிங்க."

"சோத்தப் போடுளா."

"சோறு எங்கயும் ஓடிராது. குனிங்க."

குனிந்தார். தார் வாடை அடிக்கிற அந்த நெட்டை மனுசன், வாயில் முள்ளோடு, பிளேட்டின் மேல் கொக்கு மாதிரிக் கவிழ்ந்து நின்றார். பாட்டு அவர் தலைக்குள் ஏறியதை அவர் கண்ணில் பார்த்தேன். நிமிர்ந்து முள்ளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சா? மூச்சு வாங்குதது கேட்டுச்சா?" என்றேன். "இப்ப சவுண்ட் பாக்ஸப் போடுதேன். அதையும் கேளுங்க. கேட்டுட்டு, மாத்தலன்னு எம்முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

சவுண்ட் பாக்ஸில் முள்ளைச் செருகிப் பிளேட்டில் வைத்தேன். பாட்டு எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். கடைசி அடி வந்தபோது அவர் விரல் ஒன்று தானாக உயர்ந்தது. இந்த இடம்தானே என்று கேட்பது போல.

நான் அந்த விரலையே பார்த்தேன். எனக்குக் கேட்காத இடத்தில் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அதுலயும் வருது," என்றார். என் நேர் எதிரில் வந்து நின்று, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னார். "அன்னைக்கும் வந்துச்சு. என்னைக்கும் வந்துச்சு. சவுண்ட் பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல. சாயபு மொத நாளே சொல்லிட்டாரு."

"அப்போ ஏன் கம்மியா இருக்குன்னு சொன்னிய?"

அந்த நேரம் நாத்தனார் சட்டென்று தலையைத் திருப்பி மில் பக்கம் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த பையனும் திரும்பிப் பார்த்தான். கைகொட்டினான். சன்னலுக்கு வெளியே பூவரச மரத்திலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, இப்ப மில்லு சங்கு ஊதுது. கேக்குதா?"

"மில்லு சங்கத்தான் நிறுத்திட்டாங்கல்லா" என்றேன்.

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன். அவர் உதடு இன்னும் அசைந்தது. சங்கு ஊதுகிற சமயத்தில் குரலை உயர்த்தித்தான் பேசியிருக்க வேண்டும், ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. "நிறுத்தவே இல்லளா. தெனமும் ஊதுது."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளையோடு நான் திரும்பி வந்த சில நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாயபு சவுண்ட் பாக்ஸைப் பாடவைத்துக் காட்டி, இதில் குறையில்லை என்று சொன்ன அன்று ஊர்ஜிதமாகியிருக்கிறது. டாக்டரிடம் தனியாகப் போய் விசாரித்திருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குக் காது இப்படி அடைத்துப்போகும், கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும், மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நான் கொடுத்தனுப்பியபோதெல்லாம் சாயபு சவுண்ட் பாக்ஸை மேசை மேல் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ரகசியம் பேசவில்லை. சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கடையில் இரைச்சலுக்கு மேல் அவர் கத்திப் பேசியதால்தான் எனக்குக் கேட்டிருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சவுண்ட் பாக்ஸ் மேல சந்தேகப்பட்டா உனக்கு வலிக்காதுல்லா. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்டல் ஏமாற்றவில்லை, சாயபு ஏமாற்றவில்லை, ஆசாரி ஏமாற்றவில்லை. ஆனால் என்னை ஏமாற்றினார்கள்தான். தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது என்று நான் நினைத்தது முழுக்கச் சரி. இதை அவர் இருந்த வரைக்கும் சொல்லிக் காட்டினேன். அவர் மறுத்ததில்லை.

அவர் பேசி முடித்ததும் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் இடித்தது. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏளா, புள்ள அழுவானா?"

அவள் பையனைக் கீழே இறக்கிவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். தோளைத் தொட்டாள்.

"தொட்டில்ல கெடந்து அழுவான், மதினி. நீங்க பக்கத்துல படுத்து ஒறங்கிட்டு இருப்பிய. அதான் நான் வாசல்ல வந்து படுத்தேன்." அண்ணனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இப்பவும் அவன் மொதல்ல உங்களத்தான் கூப்பிடுதான். பின்னாடி நின்னு அம்மா அம்மாங்கான். நீங்க திரும்பலன்னாத்தான் அழுதுட்டு எங்கிட்ட வாரான்."

சேலையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றவன் ஏன் முகம் சுளித்துப் போனான் என்று அப்போது தெரிந்தது. அன்று மத்தியானம் யாருமே சாப்பிடவில்லை.

பையனுக்கு இதெல்லாம் தெரியாது. கீழே கிடந்த உடை முள்ளை எடுக்கக் கையை நீட்டினான். குத்திவிடுமே என்று பாய்ந்து அவனைத் தூக்கி மடியில் வைத்தேன். அவன் நெளிந்தான். திமிறாமல் இருக்க இறுக்கிப் பிடித்தபோது என் தாடை அவன் உச்சந்தலையில் அழுந்தியது.

அப்போது கேட்டது. முள்ளில் வந்த பாட்டு மாதிரியே, பல் வழியாக, எலும்பு வழியாக. தடித்த, சளி கட்டிய, கோபமான சின்னக் குரல். அவன் பிறந்தபோது என்ன குரலில் அழுதானோ எனக்கு ஞாபகமில்லை. அவன் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

என்னிடமிருந்து விடுபட அவன் கையை நீட்டி நாத்தனாரைக் கூப்பிட்டான்.

"அத்தே."

என்னை அல்ல. அவளைத்தான். அவள் பதறிப்போய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தாடையை அவன் தலையிலிருந்து எடுக்கவில்லை.

"கைய நீட்டுளா," என்றேன். "இன்னொரு தரம் கூப்பிடட்டும்."